காட்டலுங் காணலும்

சிவமயம்



சைவ வித்தியாசாலை என்று சொல்லப்படுவது யாது? காலையிலே தேவார பாராயணம் நிகழ்தல் அதன் இலக்கணமாமோ? பிள்ளைகள் விபூதி தரித்து வருதலும், நவராத்திரியிலே கும்பம் வைத்துச் சரசுவதி பூசை செய்தலும், நாயன்மார் குருபூசைத் தினங்களிலே பிரசங்கம் நடத்துதலும் அதன் இலக்கணமாமோ? இவையெல்லாம் வேண்டுவனவே, இவற்றுள் ஒன்றேனும் குறைதல் நன்றன்று. ஆயினும் இவை வித்தியாசாலைக்கு அணிகள். அணியப்பட்ட உடம்பிலே உயிர் உளதோ என்பதன்றோ முதற்கண் ஆராயற்பாலது? அவ்வுயிர் இன்னதென்பதையும், அஃது இக்காலத்து எவ்வாறு நலிகின்றது என்பதையும், அதனைப் பேணும் வழி நம் கையகத்தே உளதென்பதையும் எடுத்துரைத்தலே இவ்வியாசத்தின் நோக்கமாம்.

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள். மிஷன் பாடசாலையிலே கற்று அங்கேயே கற்பித்தும் வந்த அப்பெரியார், அப்பாடசாலையிலே கண்ட நன்முறைகளைக் கைக்கொள்ளக் கூசினாரல்லர். பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக இருத்திக் கற்பித்தல், அச்சிட்ட புத்தகத்தை அவர் கையிற் கொடுத்தல், சமயத்தை வினாவும் விடையுமாகப் போதித்தல் ஆகிய இவையெல்லாம் அவர் கைப்பட்டுச் சைவத்துக்கு உரியனவாயின. பாலபாடங்களும் சைவவினாவிடைகளும் அவ்வாறு எழுந்தன. யாமும் மிஷன் பாடசாலை ஒன்றிலே கற்றேமாதலின், இவ்விஷயத்திலே நாவலரவர்களுடைய திருவுள்ளத்தைச் சிறிது உணரவல்லேம். நல்லது எங்கே உளதோ அங்கே அதனைக் கொள்க. கொண்டபின் அதற்கு நம் சித்தாந்தத்திலே உள்ள வேரைக் காண்க என்பதே அவர்கள் வாழ்ந்து காட்டிய நெறி.

நாவலரவர்களுக்குப் பின் 1888ஆம் ஆண்டிலே சைவ பரிபாலன சபையும், 1923ஆம் ஆண்டிலே சைவ வித்தியா விருத்திச் சங்கமும் தோன்றின. வீடுதோறும் பிடியரிசி போலச் சேர்ந்த பொருளினால் எத்தனையோ ஊர்களிலே சைவப் பாடசாலைகள் எழுந்தன. 1945ஆம் ஆண்டிலே இலவசக் கல்வி வந்தது. 1960ஆம், 1961ஆம் ஆண்டுகளிலே இயற்றப்பட்ட சட்டங்களினால் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலனவற்றை அரசினர் பொறுப்பேற்றனர். அன்றுதொட்டு முகாமையாளர் இலர். சங்கத்தின் அதிகாரமும் இல்லை. சைவம் என்னுஞ் சொல் சில பெயர்ப்பலகைகளிலே மாத்திரம் நின்றது. ஆதலின் இனி ஒரு பாடசாலையைச் சைவப் பாடசாலையாக்க வல்லவர் யாவர்? வகுப்பறையினுள்ளே நிற்கும் ஆசிரியர் ஒருவரேயன்றி வேறொருவரும் இலர். அவர் எதனாற் சைவாசிரியர் ஆகின்றார் என்பதே இங்கு வினா.

மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களையுடையது. அதன் பதினோராஞ் சூத்திரத்திலே இறைவன் ஆன்மாவுக்குச் செய்யும் உபகாரம் இருவகையாக உணர்த்தப்படுகின்றது. ஒன்று காட்டும் உபகாரம்; மற்றையது காணும் உபகாரம். கண்ணுக்குக் காணுந் தன்மை உண்டு. ஆயினும் கண் தானாகவே காணமாட்டாது. ஆன்மா கண்ணோடு பொருந்தி நின்று அதற்குக் காட்டவும் வேண்டும். அதனோடு உடன்நின்று தானுங் காணவும் வேண்டும். நினைவு வேறிடத்துச் சென்ற ஒருவன் முன்னே தேர் போயினும், அவன் கண் திறந்திருந்தும் காண்பதில்லையன்றோ? அவ்வாறே ஆன்மா அறியுந் தன்மையுடையதாயினும் அறிவித்தாலன்றி அறியாது. இறைவன் அதற்கு அறிவை விளக்கிக் காட்டுதலோடு அமைந்துவிடுகின்றானல்லன். அதனோடு பிரிவின்றி நின்று தானும் உடன் காண்கின்றான். காட்டிவிட்டு விலகி நிற்பானாயின் நம்போலியருள் ஒருவரேனும் உய்தி கூடுமோ?

ஆசிரியர் இறைவனாவார் என்பது எமது கருத்தன்று. அவ்வாறு கருதுதல் பெரும் பிழையாம். பள்ளியாசிரியர் ஞானகுருவுமல்லர், எண்ணும் எழுத்தும் அறிவிப்பவர். ஆயினும் சகலராகிய நமக்கு அறிவிக்கும்பொருட்டு இறைவன் நம்மைப்போல மானுடச் சட்டை சாத்தி, மானைக் காட்டி மானைப் பிடிப்பார்போல எழுந்தருளுகின்றான் என்று சித்தாந்தம் கூறுமாயின், அறிவிப்போன் அறிவோனுடைய நிலைக்கு இறங்கி வருதலே அறிவித்தலின் முறை என்பது பெறப்படுகின்றது. பெரியவனாகிய பதியே இறங்கி வருவானாயின், பாசத்திற் கட்டுண்ட நாம் நாற்காலியினின்றும் இறங்க நாணுவது என்னை?

இனி வகுப்பறையை நோக்குவோம். கரும்பலகையில் எழுதுதல் காட்டல். புத்தகத்தை வாசித்து விளக்குதல் காட்டல். இக்காலத்தில் வந்துள்ள திரையிலே படமும் அசைவுமாகப் பாடத்தை ஓடவிடுதலும் காட்டலே. காட்டும் கருவிகள் நாவலரவர்கள் காலத்திலும் பன்மடங்கு பெருகிவிட்டன. பிள்ளையின் கையிலுள்ள கைத்தொலைபேசியும் காட்டவல்லதே. நம்மினும் நன்றாகக் காட்டும். ஆதலின் காட்டலொன்றையே தம் தொழிலாகக் கொண்ட ஆசிரியர் இனிமேல் மிகையாவர். காணலோ எக்கருவிக்கும் எளிதில் இயல்வதன்று. பிள்ளையின் பக்கத்திலே இருந்து, அப்பிள்ளையின் கண்வழியாகப் பாடத்தை நோக்கி, அது எவ்விடத்திலே தடுக்கி நிற்கின்றது என்று அறிதலே காணலாம். "நான் எல்லாம் படிப்பித்துவிட்டேன், அவனுக்குத்தான் ஏறவில்லை" என்று ஆசிரியர் ஓய்வறையிலே நாம் நாள்தோறும் கேட்கும் வார்த்தை, காட்டும் உபகாரம் நிகழ்ந்தது, காணும் உபகாரம் நிகழவில்லை என்பதற்குச் சான்றேயன்றி வேறன்று.

ஓர் உதாரணம் தருவோம். மூன்றாந் தரத்துப் பிள்ளையொன்று 52 இலிருந்து 27 ஐக் கழித்து 35 என்று எழுதுகின்றது. சிவப்பு மையினால் ஒரு பிழைக்குறி இட்டுச் செல்லுதல் யாவர்க்கும் எளிது. "இந்த 5 எப்படி வந்தது, ராசா?" என்று ஒருமுறை வினவிப் பாருங்கள். "7 இலே 2 போனால் 5; 5 இலே 2 போனால் 3" என்று அப்பிள்ளை தயங்காது சொல்லும். பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்கவேண்டும் என்று கீழ்வகுப்பிலே சொல்லப்பட்டதன்றோ? அவ்விதியை அப்பிள்ளை வழுவாது கைக்கொண்டது. மேலே 2 நிற்கக் கீழே 7 நின்றபோதும் அவ்விதியையே பிடித்துக்கொண்டது. இது மூடத்தனமா? கேட்டதை நம்பி நடந்த சிரத்தையன்றோ? பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து ஈர்க்குக் கட்டுக்களையும் இரண்டு தனி ஈர்க்குக்களையும் அப்பிள்ளையின் முன் வைத்து, ஒரு கட்டை அதன் கையினாலேயே அவிழ்ப்பித்தால், தனி ஈர்க்குக்கள் 12 ஆவதை அது காணும். 7 எடுக்க 5 எஞ்சுவதைக் காணும். நின்ற நான்கு கட்டில் இரண்டை எடுக்க 25 என்று அதுவே சொல்லும். பிழைக்குறி செய்யமாட்டாததை ஒரு வினாவும் ஒருகட்டு ஈர்க்கும் செய்தன.

மற்றுமோர் உதாரணம்: பழம் என்று எழுதவேண்டிய இடத்திலே "பளம்" என்று ஒரு பிள்ளை எழுதுகின்றது. யாழ்ப்பாணத்துப் பேச்சிலே ழகரம் ளகரமாக ஒலிப்பதை அறியாதார் யார்? வீட்டிலும் வீதியிலும் சந்தையிலும் காதாற் கேட்டதையே அப்பிள்ளை கையால் எழுதிற்று. அதன் செவி பழுதுடையதன்று; மிகக் கூரியது. நாம் செய்யவேண்டியது, அவ்வொலி பிறக்கும் இடத்தை நம் வாயினாற் காட்டி, அப்பிள்ளையின் நாவும் அவ்விடஞ் சென்று பொருந்துகின்றதா என்று பொறுத்திருந்து காண்டலேயாம். பத்துமுறை எழுதி வருக என்று தண்டம் விதித்தல், அறியாத வழியிலே பத்துமுறை நடந்து வருக என்று அனுப்புதலோடொக்கும்.

இவ்வுதாரணங்களிலிருந்து போதரும் சித்தாந்தம் ஒன்றுண்டு. ஆன்மா சித்து, அறிவுப்பொருள். செம்பினைக் களிம்பு மூடியிருத்தல்போல அதன் அறிவை ஆணவமலம் அநாதியே மறைத்திருக்கின்றது. மறைக்கப்பட்டது இல்லாததாகிவிடுமோ? களிம்பேறிய செம்பைச் செம்பன்று என்பார் உளரோ? ஆகவே ஒரு பிள்ளையை "மொக்கு" என்றும் "மண்டையிலே ஒன்றும் இல்லை" என்றும் இகழ்ந்துரைத்தல், நாகரிகக் குறைவு மாத்திரமன்று. சித்தைச் சடமென்று சாதித்தலாம். காலையிலே பிரார்த்தனை மண்டபத்தில் நின்று சைவசித்தாந்தத்தின் மேன்மையைப் பிரசங்கித்த நாவினாலேயே முதலாம் பாடவேளையில் அச்சித்தாந்தத்தை மறுத்துவிடுகின்றோம். களிம்பை நீக்குவோர் செம்பை ஏசுவதில்லை. புளியிட்டுப் பொறுமையுடன் துலக்குகின்றார்.

இனி, காணல் என்னும் இவ்வுபகாரம் நம்மிடையே குன்றுதற்குரிய காரணங்களை ஆராய்வோம். முதலாவது ஐந்தாந் தரத்துப் புலமைப்பரிசில் பரீட்சை. வறிய பிள்ளைக்கு உதவிப்பணமும், திறமையுள்ள பிள்ளைக்கு வசதி மிக்க பாடசாலையில் இடமும் கிடைக்கவேண்டும் என்னும் நல்லெண்ணமே அப்பரீட்சைக்கு மூலம். அதனால் உயர்ந்த ஏழைப்பிள்ளைகள் பலர். அந்நன்மையை யாம் மறுக்கவில்லை. ஆயின் இன்று அதன் நிலை யாது? 2024ஆம் ஆண்டிலே இலங்கை முழுவதிலும் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அதற்குத் தோற்றினர். வெட்டுப்புள்ளியைத் தாண்டினோர் ஐந்திலொரு பங்கினும் குறைந்தவரே. அவ்வாண்டிலே முதலாம் வினாத்தாளின் 3 வினாக்கள் முன்னரே வெளிப்பட்டு, அவ்விவகாரம் நீதிமன்றம் வரை சென்றதை நாடறியும். பத்து வயதுப் பிள்ளைகளின் பரீட்சையொன்றிலே பெரியோருடைய ஆசை எவ்வளவு தூரம் புகுந்துவிட்டது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

அப்பரீட்சை பாடசாலையினுட் செய்வதோ இன்னும் கொடியது. தேறத்தக்க பிள்ளைகள் முன்வரிசையில் இருத்தப்படுகின்றனர். அவர்களுக்கே மாதிரி வினாத்தாள்கள். அவர்களுக்கே அதிகாலை வகுப்பும் விடுமுறை வகுப்பும். பின்வரிசையார் வரவு இடாப்பை நிரப்புகின்றனர். முடிவு வெளிவந்தவுடன் சித்தியெய்திய பிள்ளைகளின் படங்கள் வாயிலிலே பெரும்பதாகையாகத் தொங்குகின்றன. அப்பதாகையின் கீழே நாள்தோறும் நுழையும் மற்றைப் பிள்ளைகள், தாம் அதில் இல்லை என்பதைப் பத்து வயதிலேயே கற்றுக்கொள்கின்றனர். நாம் கற்பித்த பாடங்கள் எல்லாவற்றினும் அவர்கள் மறவாத பாடம் அதுவேயாம்.

யாழ்ப்பாணத்துச் சரித்திரத்தை ஈண்டு ஒருகாற் சிந்தித்தல் வேண்டும். 1930ஆம் ஆண்டையொட்டிய காலத்திலே நம் நாட்டுப் பாடசாலைகளிலே சமாசனம் ஒரு பெருவழக்காயிருந்தது. பிறப்பைக் காரணங்காட்டிச் சில பிள்ளைகளை நிலத்திலும், மற்றையோரை வாங்கிலும் இருத்தினர். அவ்வநீதியைத் தாங்கி நின்றோருள்ளே திருநீறு பூசியோரும் இருந்தனர் என்பது நாம் மறைக்கவியலாத வடு. இன்று அவ்வாறு செய்ய ஒருவரும் துணியார். ஆயின் பிறப்பினால் வகுத்த நிலமும் வாங்கும் ஒழிந்த இடத்திலே, புள்ளியினால் வகுத்த முன்வரிசையும் பின்வரிசையும் மெல்ல வந்து இருந்துகொண்டனவோ என்று நாம் அஞ்சுகின்றோம். கைந்நூல் வாங்கவும் மேலதிக வகுப்புக்குப் பணங்கட்டவும் வல்ல வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலும் முன்வரிசையில் இருத்தலை நோக்குமிடத்து, அவ்வச்சம் மிகுகின்றது.

இரண்டாவது காரணம் தனியார் கல்வி நிலையம். பவணந்தி முனிவர் நன்னூலிலே ஆசிரியராகாதாருக்கு நான்கு உவமை கூறினார்: கழற்காய் பெய்த குடம், மடற்பனை, பருத்தி அடைத்த குண்டிகை, முடத்தெங்கு என்பன. அவற்றுள் மடற்பனையை நம் நாட்டார்க்கு விளக்கவேண்டுவதில்லை. கருக்கு மட்டைகள் சூழ நின்று, தானாகப் பழம் விழுத்தினாலன்றிப் பிறர் ஏறிப் பறிக்க இடங்கொடாதது அது. வினாவத் துணிந்த பிள்ளையின் முகத்தைக் கடுகடுத்து நோக்கும் ஆசிரியர் அத்தகையர். முடத்தெங்கோ ஒருவருடைய வளவிலே வேரூன்றி, அவர் வார்த்த நீரையும் இட்ட எருவையும் உண்டு, வேலிக்கு அப்பால் வளைந்து அயலார் வளவிலே காய் விழுத்துவது. பகலிலே பாடசாலைச் சம்பளம் பெற்று அங்கே பாடத்தைத் தொட்டுக்காட்டி விட்டுவைத்து, மாலையிலே பணங்கொடுப்பார்க்கு அதனை முற்றாக விளக்கும் ஆசிரியருக்கு இதனினும் பொருத்தமான உவமை உண்டோ? சம்பளம் போதாமையும், பொருள்களின் விலையேற்றமும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே ஆசிரியர் குடும்பங்கள் பட்ட துன்பமும் யாம் அறியாதனவல்ல. ஓய்ந்த நேரத்திற் கற்பித்துப் பொருளீட்டுதலை யாம் குற்றமென்று சொல்லவில்லை. பாடசாலையிற் கொடுக்கவேண்டியதைக் குறைத்துவைத்து வெளியிலே விற்றலே குற்றம். அவ்வாறு விற்கப்படுவது, வாங்க இயலாத பிள்ளையின் பங்கு.

மூன்றாவது காரணம் பிரம்பு. பாடசாலைகளிலே உடற்றண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் விதித்தது. ஆயினும் "அடியாத மாடு படியாது" என்னும் பழமொழி நம்மவருட் பலருக்குச் சுற்றறிக்கையினும் பெரிய பிரமாணமாய் இருக்கின்றது. அப்பழமொழிக்குப் பெரியபுராணமே விடை கூறுகின்றது. சேய்ஞலூரிலே விசாரசருமர் என்னும் பிள்ளையார், உடன் ஓதும் பிள்ளைகளோடு செல்லும்போது, கன்றீன்ற பசுவொன்று முட்டப்போக அதனை இடையன் அடித்தலைக் கண்டார். உள்ளம் பதைத்தார், அடியைத் தடுத்தார், தடுத்ததோடு அமையாது, இனி இவற்றை யானே மேய்ப்பேன் என்று அப்பணியைத் தாமே மேற்கொண்டார். மண்ணியாற்றங் கரையிலே அவர் மேய்த்த பசுக்கள் முன்னையினும் அழகெய்தி, மகிழ்ந்து பால் பொழிந்தன. அப்பிள்ளையாரே பின்னர்ச் சண்டேசுர பதம் பெற்றார். சிவாலயந்தோறும் அவர் சந்நிதியிலே நின்று கைதட்டி வணங்கும் நாம், அவருடைய சரித்திரத்தின் தொடக்கம் யாது என்று நினைக்கின்றோமா? மாட்டுக்கே அடி ஆகாது என்று கண்டது சைவம். சிவஞானத்துக்கு உரிய மானுடப் பிறவி எடுத்த பிள்ளைக்கு அதனை விதித்தல் எங்ஙனம்? அஞ்சிய பிள்ளை தன் பிழையை மறைக்கும். மறைத்த பிழையை எவ்வாசிரியராற் காண இயலும்?

ஈண்டு ஒரு தடை நிகழும். நன்னூலார்தாமே மாணாக்கரை முதல், இடை, கடை என வகுத்து, மந்தன் முதலிய சிலருக்கு நூல் உரையார் என்றும் விலக்கினாரன்றோ எனின், கூறுதும். அது, கற்க விரும்பித் தானே ஆசிரியரைத் தேடிவந்த வளர்ந்த மாணாக்கனுக்கு இலக்கணம் முதலிய பெருநூல்களைப் பாடஞ்சொல்லும் முறைபற்றி எழுந்த விதி. இன்றோ 5 வயது தொடங்கிப் பிள்ளையைப் பாடசாலைக்கு விடுதல் சட்டத்தாற் கட்டாயம். 2016ஆம் ஆண்டிலே அதன் மேலெல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. தானே தேடி வாராத பிள்ளையைச் சட்டத்தினாலே கொணர்ந்து வாங்கில் இருத்திய பின்னர், நீ கடைமாணாக்கன், உனக்குப் பாடம் இல்லை என்று சொல்லுதல் நூல்நெறியுமன்று, அறநெறியுமன்று. சத்திநிபாதத்தை மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என நால்வகையாக நம் ஆசாரியர் வகுத்ததும் மந்தரைத் தள்ளுதற்கன்று. அவரவர் பக்குவத்துக்கேற்ற படியை அவரவர்க்கு அமைத்தற்கேயாம். சரியையில் நிற்போனை ஞானம் இல்லை என்று திருக்கோயிலினின்றும் துரத்துவார் உளரோ?

வகுப்பிலே 40 பிள்ளைகள் இருக்க, ஒவ்வொருவர் பக்கத்திலும் இருந்து காணுதற்குப் பொழுது எங்கே? பாடத்திட்டத்தை முடிக்காவிடின் அதிகாரிகளுக்கு விடை சொல்வார் யார்? இதுவும் நேர்மையான தடையே. ஒரே நாளிலே 40 பிள்ளைகளையும் காண்க என்று யாம் சொல்லவில்லை. நாளொன்றுக்கு மூவரைக் காண்க. பதினான்கு பாடசாலை நாட்களில் வகுப்பு முழுவதையும் ஒருமுறை கண்டு முடிக்கலாம். ஒரு தவணையிலே மும்முறையேனும் ஒவ்வொரு பிள்ளையின் கொப்பியையும் அப்பிள்ளையின் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். அறியாதவற்றின்மேல் அறியாதவற்றை அடுக்கி முடித்த பாடத்திட்டம் யாருக்காக முடிக்கப்பட்டது? அத்திவாரம் இடாது எழுப்பிய சுவர் முடிந்தது என்று கொத்தனார் சொல்வாராயின் நாம் கூலி கொடுப்போமா?

எல்லாத் தடையினும் பெரியது நம் அகத்தே உள்ளது. இருளானது பிற பொருள்களை மறைப்பினும், இருள் இருக்கின்றது என்பதையேனும் காட்டும். ஆணவமோ பிறவற்றை மறைத்தலோடு தன்னையும் காட்டாது மறைக்கும் என்று நம் ஆசாரியர் உணர்த்தினர். பின்வரிசைப் பிள்ளை தான் அறியாமையை அறியும். கற்பிக்க அறியாமையை ஆசிரியர் அறிதலே அரிது. பட்டமும் பதவியும் ஏற ஏற அது மேலும் அரிதாகும். சகலாகம பண்டிதர் என்று புகழ்பெற்ற அருணந்தியார், திருவெண்ணெய்நல்லூரிலே இளம்பருவத்தினராய் இருந்த மெய்கண்டதேவர்பாற் சென்று, ஆணவத்தின் சொரூபம் யாது என்று வினவினார். தேவர் வாய்திறவாது அவரை அடிமுதல் முடிவரை நோக்கினார். அந்நோக்கின் பொருளை உணர்ந்த அருணந்தியார் அவ்விடத்தே அடிபணிந்து மாணாக்கராயினார்; சிவஞானசித்தியாரை உலகுக்கு அளித்தார். வயதில் மூத்தவரும் நூல் பல கற்றவருமாகிய அவர், இளையவர் ஒருவர் முன்னே தம் அறியாமையைக் கண்டதனாலன்றோ ஆசாரியராயினார்? பின்வரிசைப் பிள்ளையின் விளங்காத முகமும் நமக்கு அத்தகைய ஒரு நோக்கே. அதன் பொருளை உணர்வோர் பாக்கியவான்கள்.

சமயபாடத்தைப் பற்றியும் ஒரு சொல். சைவநெறிப் பாடத்திலே உயர்ந்த புள்ளி பெறும் பிள்ளைகள் நம்மிடத்திலே பலர். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று வரிசை பிறழாது எழுதுவர். அவருள் எத்தனைபேர் ஒரு நாளேனும் திருக்கோயிலிலே அலகிட்டனர்? ஒரு பூவேனும் பறித்து மாலை தொடுத்தனர்? சரியை என்பது எழுதப்படுவதன்று, செய்யப்படுவது. மாதத்தில் ஒருநாள் ஆசிரியரும் பிள்ளைகளும் கூடி அயலிலுள்ள கோயில் வீதியைக் கூட்டுவாராயின், கணிதத்திலே பின்வரிசையில் இருந்த பிள்ளை அன்று முன்னிற்கக் காண்பீர்கள். அப்பிள்ளையின் முகமலர்ச்சியைக் கண்டபின், அதன் அறிவு எவ்வழியாகத் திறக்கும் என்பதும் நமக்குப் புலனாகும்.

ஆதலின், சைவாசிரியர் ஒவ்வொருவரும் ஐந்து நியமங்களை மேற்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பிள்ளையின் அறிவை இகழும் சொல்லை நாவினால் உரையாதிருத்தல் ஒன்று. பிழை விடைக்குக் குறியிடுமுன் அது எப்படி வந்தது என்று ஒருமுறை வினவுதல் இரண்டு. நாள்தோறும் மூன்று பிள்ளைகளின் பக்கத்திலே இருந்து காணுதல் மூன்று. பாடசாலையில் விளக்கவேண்டியதை வெளியே விற்றற்கென்று மீதி வையாமை நான்கு. பிரம்பை எடாமை ஐந்து. இவற்றுக்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டா. திரைப்பலகையும் கட்டடமும் வேண்டா. பஞ்சாட்சரத்தைச் செபிப்பார் போல நாள்தோறும் தவறாது செய்யும் உறுதியொன்றே வேண்டும்.

விசயதசமியன்று நாம் ஏடு தொடக்குகின்றோம். பரப்பிய பச்சையரிசியிலே பிள்ளையின் விரலைத் தனியே விட்டு, எழுது என்று சொல்வாருண்டோ? அவ்விரலைப் பிடித்து, நம் கையும் அதன் கையும் ஒன்றாகச் சென்று முதலெழுத்தை எழுதுகின்றன. அங்கே காட்டலுங் காணலும் ஒருங்கே நிகழ்கின்றன. அம்மங்கல தினத்திலே பிடித்த கையை மறுநாளே விட்டுவிட்டு, ஐந்தாந் தரத்திலே அப்பிள்ளை விழுந்தது என்று கணக்குப் பார்த்தல் நமக்கு அடாது.

திருக்காளத்தியிலே ஆகமம் கற்ற சிவகோசரியார் பூசித்து வந்தார். எழுத்தறியாத வேட்டுவராகிய திண்ணனாரின் பூசை அவருக்கு அநுசிதமாகவே தோன்றிற்று. இறைவன் சிவகோசரியாரைக் கடிந்தானல்லன், திண்ணனாரைத் தள்ளினானுமல்லன். கனவிலே தோன்றி, மறைந்து நின்று காண்பாயாக என்று பணித்தான். சிவகோசரியார் கண்டார். தம் கண்ணை இடந்து அப்பிய பேரன்பைக் கண்டபின் அவருடைய கல்வி நிறைவெய்திற்று. கற்றவரே, சற்று நின்று காண்பீராக என்பது நமக்கும் இட்ட கட்டளையாகும். நம் பின்வரிசையிலே எந்தத் திண்ணனார் இருக்கின்றார் என்பதை நாம் அறியோம், காண்பேமாயின் அறிவேம்.

எல்லா உயிர்களோடும் உடன்நின்று காணும் பெருமான், நம் பிள்ளைகளோடு உடன்நின்று காணும் பொறுமையை நமக்கு அருள்வாராக.

திருச்சிற்றம்பலம்